தொண்டையைத் திறந்து வைக்கும் காற்று

"நடுவில் குறட்டை நிற்கிறதா?" தூக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. தூங்கினவருக்கு இதற்குப் பதில் தெரியாது. பக்கத்தில் விழித்துக் கிடந்தவருக்குத்தான் தெரியும். ஊரையே எழுப்பும் சத்தம் சட்டென்று அறுந்துபோகிறது. நெஞ்சும் வயிறும் மட்டும் முண்டிக்கொண்டிருக்கின்றன. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தால் காற்று வரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு நாற்பதுக்கு மேலும் போகும். பிறகு பெரிய உறுமலோடு உடம்பு தூக்கிப்போட்டு மூச்சு திரும்புகிறது. புரண்டு படுத்ததும் மறுபடி குறட்டை. சற்று நேரத்தில் மறுபடி அதே மௌனம்.

தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். கணவரின் குறட்டை நிற்பதைக் கவனித்து அவரை மருத்துவரிடம் இழுத்துப்போகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மனைவியின் மூச்சை அப்படிக் கவனிக்கிற ஆண்கள் குறைவு. பெண்களுக்கு இந்தக் கோளாறு வரும்போது குறட்டையைவிட அசதி, தலைவலி, தூக்கம் வராமை என்று வெளிப்படுவதும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு இது வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ஆனாலும் "வயசானா அப்படித்தான்" என்று கடந்துவிடுகிறோம். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஏன் தூக்கத்தில் மட்டும் தொண்டை மூடிக்கொள்கிறது? மூக்கைச் சுற்றி எலும்பு இருக்கிறது. கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விரித்துப் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், அண்ணத்துக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை உள்ள சில அங்குலம் வெறும் தசையாலான குழாய். விழுங்கவும் பேசவும் அது நெளிந்து கொடுக்க வேண்டும் என்பதால் அப்படி. விழித்திருக்கும்போது சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைக்கின்றன. அதில் பெரும்பங்கு நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைக்கு. தூங்கியதும் அந்தப் பிடி தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிகின்றன. ஏற்கெனவே ஒடுக்கமான தொண்டை என்றால் பாதை இன்னும் சுருங்குகிறது. இந்த நிலையில் பலமாக மூச்சை இழுப்பது காரியத்தைக் கெடுக்கிறது. இளநீர் குடிக்கும்போது ஊறிப்போன காகித உறிஞ்சுகுழலைப் பலமாக உறிஞ்சினால் அது சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளுமே, தொண்டையிலும் அதுதான் நடக்கிறது. உள்ளே உண்டாகும் உறிஞ்சல் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துவிடுகிறது.

காற்று நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து சில விநாடிகள் தூக்கத்தைக் கலைக்கிறது. தசைகள் விறைத்துத் தொண்டை திறக்கிறது. அந்தக் கலைப்பு காலையில் நினைவில் இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. எட்டு மணி நேரம் படுத்தவர் இரவெல்லாம் ஓடிக் களைத்தவர்போல் எழுந்திருக்கிறார். இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவை இதயத்தின் மேலறைகளை விரிக்கிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. சர்க்கரையோ புராஸ்டேட்டோ என்று சோதித்துச் சோதித்துக் காரணம் பிடிபடாதவர்கள் தூக்கத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. குறைந்தது 10 விநாடி மூச்சு முழுதாக நின்றதையும், ஓரளவு குறைந்து ஆக்சிஜன் இறங்கியதையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுக்கிறார்கள். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 60 என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள், நிமிடத்துக்கு ஒன்று. உலகம் முழுவதும் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் கோளாறு இருக்கலாம் என்று 2019இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேல் என்பது தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் சொன்ன கணக்கு. பருமனானவர்களுக்குத்தான் வரும் என்பது பாதி உண்மை. கழுத்தில் சேரும் கொழுப்பு பெரிய காரணம்தான். ஆனால் கீழ்த்தாடை சிறுத்தோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும்.

மருத்துவம் இதைத் தனி நோயாகப் பார்க்க வெகு காலம் பிடித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் நின்ற இடத்தில் தூங்கிவிழும் ஜோ என்ற குண்டுப் பையன் வருவான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் பருமன், பகல் தூக்கம், மூச்சுக் குறைவு மூன்றும் சேர்ந்த நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைபடுவதைப் பதிவுசெய்து காட்டியது 1965இல், பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக வேலை செய்த இரண்டு குழுக்கள். அதன்பிறகு வந்த சிகிச்சை கொடுமையானது. அடைப்புக்குக் கீழே கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழாய் பொருத்துவார்கள். பகலில் அதை மூடிவைத்துப் பேசலாம். இரவில் திறந்துவிட்டுத் தூங்க வேண்டும். பலன் உடனே தெரிந்தது. ஆனால் கழுத்தில் ஓட்டையோடு வாழ யாருக்குத்தான் மனம் வரும்?

1980 ஜூனில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் அப்படிக் கழுத்தில் துளையிட வேண்டிய நிலையில் ஒருவர் வந்தார். கட்டட வேலை செய்கிறவர். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். சல்லிவன் அதற்கு முன் கனடாவின் டொரான்டோ நகரில் தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தவர். நாய்களின் முகத்துக்கு ஏற்ற மாஸ்க் செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. மூக்கு வழியாகச் சற்று அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் தொண்டைச் சுவர்கள் ஒட்டாமல் நிற்குமே என்று அவருக்குத் தோன்றியது. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரில் இருக்கும் மோட்டாரை வைத்துக் காற்றை ஊதவிட்டார். அழுத்தத்தைக் கூட்டியதும் நோயாளியின் மூச்சு சீரானது. குறைத்தார், மறுபடி நின்றது. கூட்டினார், மறுபடி சீரானது. அன்றிரவு அந்த மனிதர் பல ஆண்டுகளாகக் காணாத ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்தார், மறுநாள் தெளிவாக எழுந்தார். ஐந்து நோயாளிகளின் முடிவுகளை 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. சில பக்கங்களே கொண்ட அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்று உலகெங்கும் படுக்கையருகே இருக்கும் இந்தக் கருவி பிறந்தது. தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் காற்றைத் தருவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து சிபாப் என்கிறார்கள்.

ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்ய வேண்டியிருந்தது. அதை ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொண்டு, காலையில் உரித்தெடுத்தார்கள். பக்கத்தில் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும். அப்படியும் அவர்கள் விடாமல் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்தே இந்தச் சிகிச்சை அவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது என்று புரிந்துகொள்ளலாம். கடைகளில் விற்கும் கருவியாக இது வந்தது 1980களின் நடுவில்.

அழுத்தம் என்றதும் ஏதோ பயங்கரமாகக் காற்று அடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சல்லிவன் முதலில் பயன்படுத்தியது 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். இதை வீட்டிலேயே உணர்ந்து பார்க்கலாம். உயரமான எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழலை விட்டு ஊதுங்கள். அடியில் குமிழி வரத் தொடங்கும் கணத்தில் உங்கள் வாய்க்குள் இருக்கும் அழுத்தம் சரியாக 10 சென்டிமீட்டர் நீர். நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குதான். தொண்டைச் சதை மிருதுவானது. அதை விலக்கி நிறுத்த இவ்வளவே போதும். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்காமலிருக்கப் பல மருத்துவமனைகளில் இதே தண்ணீர்க் குமிழி முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கு இத்தகைய அழுத்தம் தரலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரெகரியும் அவர் குழுவினரும் 1971இல் காட்டினார்கள்.

கோவிட் காலத்துக்குப் பிறகு நம் வீடுகளில் ஒரு குழப்பம் சேர்ந்துவிட்டது. மூக்கில் மாட்டும் கருவி எதுவானாலும் "ஆக்சிஜன் மெஷின்" என்றோ "வென்டிலேட்டர்" என்றோ சொல்கிறார்கள். அதைக் கேட்டு, படுக்கையில் கிடக்கிற நோயாளி ஆகிவிட்டோம் என்று மனமுடைந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிபாப் கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறையிலுள்ள காற்றைத்தான் வடிகட்டித் தருகிறது. அது மூச்சு விடுவதும் இல்லை. மூச்சை நீங்கள்தான் விடுகிறீர்கள். பாதை மூடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பாதை திறந்திருந்தால் ஆரோக்கியமான நுரையீரலுக்கு அறைக்காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜனே தாராளம். தொண்டை அடைத்திருக்கும்போது வெறும் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும், தூக்கம் கலைவதும் நிற்காது.

கருவிக்குள்ளே இருப்பது அதிகமில்லை. காற்றை வடிகட்டும் பஞ்சுத் துண்டு. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் சிறு விசிறி. அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் அளக்கும் உணரிகள். அவை சொல்வதைக் கேட்டு விசிறியின் வேகத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றும் சில்லு. நீங்கள் மூச்சை இழுக்கும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்கப் பார்க்கும், விசிறி முடுக்கம் பெறும். வெளியே விடும்போது வேகம் குறையும். வெளியே விட்ட மூச்சு எங்கே போகிறது? மாஸ்கிலோ அது குழாயோடு சேருமிடத்திலோ நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கும். கைவைத்தால் அவற்றிலிருந்து காற்று சீறுவது தெரியும். அந்த வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. காற்று கசிகிறதென்று நினைத்து அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் அதைச் செய்யக்கூடாது. தாம் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தலையிலும் கண்ணோரத்திலும் நெஞ்சிலும் ஒயர்கள் ஒட்டி, ஆய்வகத்தில் ஓர் இரவு தூங்கவைத்துப் பார்ப்பது முழுமையான ஸ்லீப் ஸ்டடி. தொழில்நுட்பர் பக்கத்து அறையில் திரையைப் பார்த்தபடி அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, மல்லாந்து படுத்துக் கனவு காணும் தூக்கத்திலும் மூச்சு நிற்காத ஓர் அளவைக் கண்டுபிடிப்பார். கனவுத் தூக்கத்தில்தான் தசைகள் அதிகம் தளரும் என்பதால் அந்தக் கட்டம் முக்கியம். இப்போது தானாகவே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ சிபாப் பரவலாகிவிட்டதால் பலருக்கு வீட்டிலேயே சோதனை செய்து இதைத் தொடங்குகிறார்கள்.

ஆட்டோ கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. உள்ளே இழுக்கும் மூச்சின் வேகத்தை வரைபடமாக வரைந்தால், தொண்டை நன்றாகத் திறந்திருக்கும்போது அது உருண்டையான மேடுபோல இருக்கும். தொண்டை கொஞ்சம் ஒடுங்கியதும் மேட்டின் உச்சி தட்டையாகிவிடும். எவ்வளவு முயன்று இழுத்தாலும் அதற்குமேல் காற்று வராது என்பதன் அடையாளம் அது. குறட்டை வருவதற்கு முன்னாலேயே, மூச்சு நிற்பதற்கு வெகு முன்னாலேயே, இந்தத் தட்டை உச்சி தோன்றிவிடும். கருவி ஒவ்வொரு மூச்சையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தட்டையானால் அழுத்தத்தை மெல்லக் கூட்டுகிறது. உருண்டையானால் மெல்லக் குறைக்கிறது. பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை போகும். பக்கவாட்டில் படுத்திருக்கும் நேரத்தில் 6 போதுமாக இருந்தவருக்கு, மல்லாந்ததும் 11 தேவைப்படலாம். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. காலையில் திரையில் அந்த இரவின் கணக்கு இருக்கும்.

கோவிட் வார்டுகளில் எல்லோரும் கேள்விப்பட்ட பைபாப் இதன் உறவினம். 1990இல் அறிமுகமான அது உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிட அதைவிடக் குறைந்த ஓர் அழுத்தம் என்று இரண்டு தருகிறது. அந்த வித்தியாசம் நெஞ்சுத் தசைகளின் சுமையையும் குறைக்கும். மிக அதிகப் பருமனால் இரவு பகலாக மூச்சு போதாமல் இருப்பவர்கள், தசை நோய் உள்ளவர்கள், உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக மூச்சை வெளிவிட முடியாதவர்கள் ஆகியோருக்கு அது தேவை. சாதாரண அடைப்புக்கு விலை கூடிய பைபாப் அவசியமில்லை. விலை கூடினால் சிகிச்சையும் மேலானது என்று விற்பனையாளர் சொன்னால், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வகை ஆப்னியாவும் உண்டு. அதில் தொண்டை திறந்தே இருக்கும். மூச்சு விடும்படி மூளையிலிருந்து வரும் கட்டளைதான் சற்று நேரம் நின்றுவிடும். இதயம் பலவீனமானவர்களிடம் இது அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஏற்ப உதவியைக் கூட்டிக் குறைக்கும் நுட்பமான கருவி ஒன்று இவர்களுக்கு நன்மை செய்யும் என்று நம்பியிருந்தார்கள். இதயத்தின் பம்பு செய்யும் திறன் வெகுவாகக் குறைந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானபோது, கருவி போட்டவர்களில் இதய நோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தது தெரிந்தது. திரையில் மூச்சு அழகாகச் சீராகியிருந்தும் இப்படி. எந்த வகை ஆப்னியா என்று தெரியாமல் இணையத்தில் கருவி வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கருவியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், சிகிச்சை வெல்வதும் தோற்பதும் மாஸ்கில்தான் என்பது என் முடிவு. எங்கள் பெரியப்பாவுக்கு வாங்கிய கருவி நல்ல கருவி. கொண்டுவந்து வைத்தவர் ஒரு மாஸ்கை நீட்டினார், பொத்தானைக் காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாஸ்கின் ஓரமாகக் காற்று புஸ்ஸென்று கண்ணில் அடித்தது. பெரியப்பா வாரை இறுக்கினார். இன்னும் அதிகம் அடித்தது. இன்னும் இறுக்கினார். மூக்குத்தண்டில் புண் வந்ததும் கருவி பரணுக்குப் போய்விட்டது. பிறகு ஒரு தூக்க ஆய்வகத்தில் வேலைசெய்யும் இளம்பெண் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டபடியே மாஸ்கைப் பொருத்தினாள். "அப்பா, வாரை இவ்வளவு இறுக்காதீங்க. கொஞ்சம் தளர்த்தினாத்தான் காத்து உள்ள போயி இந்த ரப்பர் உப்பும். உப்பினாத்தான் முகத்தோட ஒட்டும்" என்றாள். உட்கார்ந்து பொருத்திய மாஸ்க் படுத்ததும் ஏன் கசிகிறது என்றும் சொன்னாள்: படுக்கும்போது கன்னமும் தாடையும் இடம் மாறுகின்றன. மாஸ்கின் மிருதுவான ஓரத்தில் இரண்டு அடுக்கு இருப்பதை அவள் விரலால் பிரித்துக் காட்டினாள். உள்ளடுக்கு தாங்குகிறது. மெல்லிய வெளியடுக்குதான் காற்றில் உப்பி அடைக்கிறது. இறுக்கினால் அது மடிந்து வழி விட்டுவிடும். இந்தப் பதினைந்து நிமிட விளக்கத்தைக் கருவி விற்ற அன்றே கொடுத்திருக்க வேண்டும்.

மாஸ்க் மூன்று மாதிரிகளில் வருகிறது. மூக்கை மட்டும் மூடுவது, நாசித் துளைகளில் மட்டும் பதிவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு முதல் இரண்டிலும் காற்று வாய்வழியே ஓடிவிடும்; காலையில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு மூன்றாவது பொருந்தலாம், ஆனால் அது பெரியது, கசியும் இடமும் அதிகம். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு நாசித்துளை மாதிரி வசதி. மூக்குத்தி போட்டவர்கள் அதைப் போட்டபடியே மாஸ்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓரம் சரியாகக் கல்லின்மேல் உட்கார்ந்தால் கசிவும் வரும், தோலும் புண்ணாகும். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் தூங்குகிறவருக்கு நெற்றிப் பட்டை இல்லாத மாதிரி வேண்டும். முகத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் ரப்பர் வழுக்கும், ஆகவே படுக்குமுன் முகம் கழுவிக்கொள்வது உதவும்.

மூச்சுமுட்டும் உணர்வு வந்து மாஸ்கைக் கழற்றி எறிகிறவர்கள் பலர். அவர்களைப் பயந்தவர்கள் என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. தூக்கத்தில் மூச்சுத் திணறிப் பழகிய உடம்பு, முகத்தை எது மூடினாலும் மிரளத்தான் செய்யும். பகலில் டிவி பார்க்கும்போது மாஸ்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம், பிறகு காற்றோடு கொஞ்ச நேரம், பிறகு மதியத் தூக்கத்தில் என்று படிப்படியாகப் பழக்கலாம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி அரை மணி நேரத்தில் மெல்ல ஏறும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. காற்றை விழுங்கி வயிறு உப்புகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அழுத்தத்தை மாற்றியமைத்தால் பெரும்பாலும் குறையும்.

ஓயாமல் வீசும் காற்று மூக்கை வறளச் செய்வதால் கருவியோடு ஒரு சிறு தண்ணீர்த் தொட்டியும் சூடேற்றும் தட்டும் வரும். அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு சில வாரங்களில் தட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும். குளிர்சாதன அறையில் குழாய்க்குள்ளே நீர்த்துளி கோத்து முகத்தில் தெறித்தால், சூட்டைக் குறைக்க வேண்டும் அல்லது குழாயைப் போர்வைக்குள் விட வேண்டும். தினமும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாஸ்கை லேசான சோப்புநீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். ஓசோன் வாயு விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகள் வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் லட்சக்கணக்கானவற்றைத் திரும்பப் பெற்றது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு சிதைந்து, துகள்களும் வாயுக்களும் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பது காரணம். ஓசோன் அந்தச் சிதைவை விரைவாக்கும் என்றும் அந்த நிறுவனம் எச்சரித்தது. பழைய கருவியை யாரிடமாவது வாங்குகிறவர்கள் அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி இதயத்தைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, ஆப்னியாவும் உள்ள 2,717 பேரை வைத்து நடந்த 'சேவ்' ஆய்வு 2016இல் வெளியானது. இந்தியாவிலிருந்தும் நோயாளிகள் அதில் இருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் சிபாப் போட்டவர்களிடம் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன. சராசரியாக அவர்கள் மாஸ்கைப் போட்டிருந்தது இரவுக்கு 3.3 மணி நேரம் மட்டுமே. மீதி இரவெல்லாம் தொண்டை மூடித் திறந்துகொண்டுதான் இருந்தது. முழு இரவும் போட்டால் இதயத்துக்கு நன்மை கிடைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. இதற்காக யாரும் கருவியைக் கழற்றி வைக்கத் தேவையில்லை. பகலில் தூங்கிவழியாமல் வண்டி ஓட்டுவதும், தலைவலி இல்லாமல் எழுந்திருப்பதும், பக்கத்தில் படுத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குவதும் தம்மளவிலேயே பெரிய பலன்கள். ரத்த அழுத்தமும் பலருக்குக் கொஞ்சம் இறங்குகிறது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்து மூச்சு விடலாம். வாயையும் மூடும் மாஸ்கில் காற்று நின்றதும் தானாகத் திறந்து அறைக்காற்றை உள்ளே விடும் ஒரு வால்வு இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் கருவி தாராளமாக ஓடும். மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது தண்ணீர்ச் சூடேற்றிதான் என்பதால், அதை அணைத்துவிட்டால் பேட்டரி வெகு நேரம் தாங்கும்.

கருவிக்கு மாற்றும் உண்டு. லேசான, நடுத்தர அளவுக்குக் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கருவி உதவுகிறது. நாக்கு நரம்பைத் தூண்டும் மின்கருவியை உடம்புக்குள் பொருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி தந்தது. எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசிமருந்தை, பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கு 2024 டிசம்பரில் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கோளாறுக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். எடை நன்றாகக் குறைந்தவர்கள் தாமாகவே கருவியை நிறுத்திவிடாமல், மறுபடி ஒரு சோதனை செய்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

கருவி போடுகிறவர்கள் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மூட்டு மாற்றானாலும் குடலிறக்கமானாலும், மயக்க மருத்துவரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்தும் பலமான வலிமருந்தும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழித்தெழுவதையும் தாமதப்படுத்தும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று இரவுகள்தான் ஆபத்து அதிகமானவை. மருத்துவமனைப் பையில் துண்டு, மாற்று உடை, பழைய ரிப்போர்ட்டுகளோடு கருவியையும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்கள் முகத்துக்குப் பழகிய உங்கள் மாஸ்கை.